பழைய ட்ரை-ஆங், ஹார்ன்பி பொம்மை ரயில் இன்ஜின்கள்: பழுதும் உதிரியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். 1966இல் லிவர்பூலிலிருந்து திரும்பும்போது ஒரு சின்ன கறுப்பு ரயில் இன்ஜினைக் கொண்டுவந்தார். பெட்டியின்மேல் ட்ரை-ஆங் ஹார்ன்பி என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். சில வருஷம் ஓடியது, பிறகு நின்றது, பரணுக்குப் போனது. முப்பது வருஷம் கழித்து அதை இறக்கி ஓடவைத்தபோது ஒரு உதிரிபாகம்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை. அழுக்கு எடுத்தேன், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் கொண்டுவந்த இன்ஜின்கள் நிறையவே என் மேசையைக் கடந்திருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டனில் 1950களிலிருந்து 1990கள்வரை விற்ற, ஓஓ கேஜ் என்ற சிறு அளவு இன்ஜின்களைப் பற்றித்தான் பேசுகிறேன். மெர்க்லின், லயனல் போன்ற மற்றக் கம்பெனிகளின் கதை வேறு.

என்னிடம் இருப்பது எந்தக் காலத்து இன்ஜின் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் மாறிய வரலாறு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரோவெக்ஸ் என்ற சிறு பிளாஸ்டிக் கம்பெனி 1950 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கடைகளுக்கு ஒரு ரயில் செட் செய்து கொடுத்தது. அதில் இருந்தது 'பிரின்சஸ் எலிசபெத்' இன்ஜின். அடுத்த ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் ரோவெக்ஸை வாங்கியது. 1952இலிருந்து ட்ரை-ஆங் ரயில்வேஸ் என்ற பெயர் வந்தது. 1954இல் தொழிற்சாலை மார்கேட் என்ற ஊருக்குப் போனது. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் ஹார்ன்பி டப்ளோ ரயில்களைச் செய்துவந்த மெக்கானோ கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸ் 1964இல் வாங்கியது. 1965இலிருந்து பெட்டிகளில் 'ட்ரை-ஆங் ஹார்ன்பி'. லைன்ஸ் பிரதர்ஸ் 1971இல் நொடித்துப்போனது. 1972இலிருந்து 'ஹார்ன்பி ரயில்வேஸ்'. 1990களில் உற்பத்தி சீனாவுக்கு நகர்ந்தது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ட்ரை-ஆங் ஹார்ன்பி, ஹார்ன்பி ரயில்வேஸ் என்று பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ட்ரை-ஆங் வழி வந்த பொறியமைப்புதான். லிவர்பூலில் செய்த ஹார்ன்பி டப்ளோ முற்றிலும் வேறு ஜாதி. அதன் உதிரி இதற்குப் பொருந்தாது, இதன் உதிரி அதற்குப் பொருந்தாது. 'ஹார்ன்பி' என்று மட்டும் சொல்லி உதிரி கேட்டால், கேட்டவர் கையில் தவறான பொருள்தான் வந்து சேரும்.

இன்ஜினைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். பெயர் அங்கே அச்சாகியிருக்கும்.

உதிரி தேடும்போது இன்ஜினின் பெயரைச் சொல்ல வேண்டுமா, மோட்டாரின் பெயரைச் சொல்ல வேண்டுமா?

மோட்டாரின் பெயரை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதுப்பேட்டைக்குப் போய் 'நீலக் கலர் வண்டிக்கு ஸ்பேர் வேணும்' என்று கேட்பவரை என்ன செய்வார்கள்? அதே கதைதான் 'பச்சை இன்ஜினுக்கு பிரஷ் வேண்டும்' என்பதும். எக்ஸ்04 என்ற ஒரே மோட்டார் 1950களின் பிற்பாதியிலிருந்து 1970கள்வரை ஏராளமான இன்ஜின்களில் உட்கார்ந்திருந்தது. ஜின்ட்டி, நெல்லி, பிரின்சஸ் என்று மேலே போர்த்திய சட்டைதான் வேறு. ஆகவே பிரஷ் (மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் துண்டு), ஸ்பிரிங், ஆர்மேச்சர் (காயில் கட்டிய சுற்றும் பகுதி) எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எக்ஸ்03 என்று ஓர் அண்ணன் உண்டு. பார்க்க அச்சு அசல் எக்ஸ்04 மாதிரியே இருக்கும். தண்டின் முனையில் திருகுபோல் இருக்கும் வார்ம் கியரின் புரி மட்டும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டினால் சக்கர அச்சில் உள்ள பல்சக்கரத்தோடு சரியாகப் பொருந்தாது. கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடிவிட்டுப் பல்லைத் தின்றுவிடும். பழைய மோட்டாரின் வார்மையும் வாங்கப்போவதன் வார்மையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை நான் படத்தை மட்டும் நம்பி வாங்கினேன். விற்றவரும் எக்ஸ்04 என்றுதான் எழுதியிருந்தார். வந்தது அண்ணன்.

1950களின் ஆரம்பத்து ரோவெக்ஸ் பிரின்சஸில் மோட்டார் தனியாகக் கழலாது, அடிச்சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அதற்கு உதிரி என்றால் இன்னொரு ரோவெக்ஸ் பிரின்சஸ்தான்.

பல வருஷம் பரணில் கிடந்த இன்ஜின். நேரே தண்டவாளத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். உள்ளே இருந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் கரன்ட் கொடுத்தால் சுற்ற முடியாத மோட்டார் கரன்டை மட்டும் இழுத்துச் சூடாகும். பிரஷ்கள் உரசும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டரில் காயில் முனைகளைப் பிடித்திருக்கும் சாலிடர் உருகித் தெறித்துவிட்டால், சும்மா அழுக்கு எடுத்தால் போதும் என்றிருந்த இன்ஜினுக்கு உண்மையிலேயே ஆர்மேச்சர் தேட வேண்டிவரும்.

முதலில் மேல் பாடியைக் கழற்றுங்கள். ஆர்மேச்சரை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் தாங்கிகளில் (பேரிங்) ஆளுக்கொரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் பெரும்பாலும் விட்டுக்கொடுத்திருக்கும்.

அந்தக் காலத்து கன்ட்ரோலரும் (தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) கூடவே இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1950, 60களின் கன்ட்ரோலர்களில் மெயின்ஸ் ஒயரின் ரப்பர் உறை மக்கி உதிரும் நிலையில் இருக்கும். பலவற்றின் உலோக உடம்புக்கு எர்த் இணைப்பு கிடையாது. உள்ளே ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் அது எரியும்போது வரும் புகை நஞ்சு. அலமாரியில் அழகுக்கு வையுங்கள். ஓட்டுவதற்குப் புதிய 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள்.

எந்த இன்ஜினுக்கு எந்தக் கரன்ட்?

ட்ரை-ஆங், ஹார்ன்பி, மூன்று தண்டவாள டப்ளோ எல்லாமே 12 வோல்ட் டிசி. மெர்க்லின் எச்ஓவும் லயனலும் ஏசி. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

கரன்ட் கொடுத்தால் அசைவே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர். ரேடியோவில் போடும் சதுர பேட்டரிதான். வேறு எதுவும் முதல் கட்டத்தில் தேவையில்லை.

ஒயர்களை மோட்டாரின் இரண்டு பிரஷ்களின் பின்புறம் தொட வையுங்கள். சுற்றினால் மோட்டார் நலம், கரன்ட் அதுவரை வந்து சேரவில்லை என்று பொருள். அடுத்து ஒயர்களைச் சக்கரங்களில், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாகத் தொடுங்கள். இங்கே சுற்றவில்லை என்றால் பழுது சக்கரத்துக்கும் பிரஷுக்கும் நடுவில்.

ட்ரை-ஆங் நீராவி இன்ஜின்களில் ஒரு பக்கச் சக்கரங்கள் உலோக அச்சோடு நேரடியாக இணைந்திருக்கும். அந்தக் கரன்ட் அடிச்சட்டம் முழுவதும் பரவி மோட்டாரின் ஒரு பிரஷுக்குப் போகும். மறுபக்கச் சக்கரங்கள் அச்சிலிருந்து இன்சுலேஷனால் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றின்மேல் உரசும் மெல்லிய தகடுகள் கரன்டை எடுத்து மற்ற பிரஷுக்குக் கொடுக்கும். இந்தத் தகடுகளின் முனையில் கறுப்புப் பசை படிந்திருக்கும், அல்லது யாரோ கழுவுகிறேன் என்று வளைத்துவிட்டிருப்பார்கள், சக்கரத்தைத் தொடாது. எனக்கு வந்த 'செத்த' இன்ஜின்களில் கணிசமானவை இந்த இரண்டால்தான் செத்திருந்தன.

முன்பு யாராவது சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு ஜோடியைத் திருப்பிப் போட்டிருந்தால் இன்சுலேஷன் தவறான பக்கம் போய்விடும். தண்டவாளத்தில் வைத்ததும் ஷார்ட். கன்ட்ரோலர் அணைந்துவிடும். மல்டிமீட்டரில் இடது சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும், பிறகு வலது சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் புலப்படும்.

எக்ஸ்04 மோட்டாரை எப்படிச் சுத்தம் செய்வது?

இது திறந்த சட்ட மோட்டார், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூன்று துருவ ஆர்மேச்சர், ஒரு காந்தக் கட்டி, இரண்டு கார்பன் பிரஷ், இரண்டையும் ஒருசேர அழுத்தும் கொண்டை ஊசி போன்ற ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சின்னக் குழாய்போல் ஓர் இன்சுலேஷன் உறை இருக்கும். ஒரு பிரஷ் அடிச்சட்டத்தோடு தொடர்புடையது, மற்றது தனித்தது. அந்தத் தனித்த பிரஷ் இருக்கும் பக்கம் இந்த உறை வர வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்துவிட்டு உறையை மறந்து மாட்டினால், அல்லது பக்கம் மாற்றி மாட்டினால், மோட்டார் சுற்றாது, ஷார்ட் அடிக்கும். உறை தொலைந்துவிட்டால் கவலை வேண்டாம். ரிச்சி தெருவில் அரை முழம் மெல்லிய ஒயர் வாங்கி, உள்ளிருக்கும் கம்பியை உருவிவிட்டால் உறை தயார்.

கம்யூட்டேட்டரில் மூன்று செப்புத் துண்டுகள். நடுவில் மூன்று பிளவுகள். பிளவுகளில் கார்பன் தூள் நிரம்பியிருந்தால் மோட்டார் சோம்பேறித்தனமாகச் சுற்றும், சூடாகும். ஈர்க்குச்சியைச் சீவி அந்தப் பிளவுகளைச் சுரண்டுங்கள். ஊசி வேண்டாம், செம்பில் கோடு விழும். பிறகு பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துச் செம்பு மின்னும்வரை துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் போதும். பாடியில் மட்டும் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்ட் போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கீறல்கள் புது பிரஷை ஒரே மாதத்தில் தின்றுவிடும்.

தண்டின் இரு முனையிலும் தாங்கியை ஒட்டி ஒரு சிறு ஃபெல்ட் துண்டு இருக்கும். எண்ணெயைச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காக வைத்தது. அது காய்ந்து கட்டையாகியிருந்தால் புது ஃபெல்ட் வெட்டி வையுங்கள். ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். கம்யூட்டேட்டர் பக்கம் அதிகமாக விட்டால் எண்ணெயும் கார்பனும் சேர்ந்து மறுபடியும் பசை.

டபிள்யூடி-40 அடிக்கலாமா?

துருப்பிடித்த திருகுக்கு அடியுங்கள். மோட்டாருக்கு வேண்டாம். அதன் மெல்லிய பகுதி ஆவியானபின் மிஞ்சுவது பிசுபிசுப்பு.

சுத்தம் செய்யும்போது காந்தத்தையும் வெளியே எடுத்துத் துடைக்கலாமா?

எடுக்காதீர்கள். இந்த மோட்டார்களில் இருப்பது அல்நிக்கோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பு. இரண்டு பக்க இரும்புத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும்வரை அதன் காந்தப் பாதை மூடியிருக்கும். வெளியே உருவினால் அந்தப் பாதை திறந்து, காந்தம் தன் வலுவில் ஒரு பகுதியை அந்தக் கணமே இழந்துவிடும். திரும்ப உள்ளே வைத்தாலும் அது மீளாது. 'நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கழற்றிச் சுத்தம் செய்தபிறகு இழுவையே இல்லை' என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, காந்தத்தைக் கழற்றினீர்களா என்பதுதான். ஆர்மேச்சரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், காந்தம் எந்நேரமும் ஓர் இரும்புத் துண்டால் பாலம் போட்டபடி இருக்கட்டும்.

காந்தம் தளர்ந்ததன் அடையாளம் விசித்திரமானது. சுமையில்லாமல் சுற்றினால் மோட்டார் முன்பைவிட வேகமாகச் சுற்றும். நாலு பெட்டி கட்டினால் நின்றுவிடும், சூடாகும், கரன்ட் அதிகம் இழுக்கும். வேகத்தைப் பார்த்து 'சூப்பராக ஓடுகிறது' என்று ஏமாறாதீர்கள்.

இரண்டு வழி உண்டு. பிரிட்டனில் பழைய மோட்டார்களைத் திரும்பக் காந்தமேற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், பெரிய காயிலில் ஒரு நொடிக்கும் குறைவாக மிகப்பெரிய கரன்டைப் பாய்ச்சுவார்கள். இங்கிருந்து மோட்டாரை அனுப்பி வாங்குவது கட்டுப்படியாகாது. ஆகவே இரண்டாம் வழி: எக்ஸ்04 அளவுக்கே வெட்டிய நியோடைமியம் காந்தம் தனியாக விற்கிறது. இது அல்நிக்கோவைவிடச் சிறிதாக இருக்கும், மிச்ச இடத்தை இரும்புத் துண்டால் நிரப்ப வேண்டும். போட்டபிறகு மோட்டார் குளிர்ச்சியாகவும் நிதானமாகவும் ஓடும், உச்ச வேகம் குறையும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. போட்டதும் இன்ஜின் பின்னோக்கி ஓடினால் காந்தத்தைத் திருப்பி வைத்துவிட்டீர்கள் என்று பொருள். வலது தண்டவாளம் பாசிட்டிவ் என்றால் இன்ஜின் முன்னே போக வேண்டும் என்பதுதான் மரபு.

ஆர்மேச்சர் போய்விட்டதா என்று வாங்குவதற்கு முன் எப்படி உறுதிப்படுத்துவது?

பிரஷ்களை விலக்கிவிட்டு மல்டிமீட்டரைக் கம்யூட்டேட்டரின் இரண்டு துண்டுகளில் வையுங்கள். மூன்று துண்டு என்பதால் மூன்று ஜோடி. மூன்றிலும் ஒரே அளவு ஓம் காட்டினால் ஆர்மேச்சர் நலம். மூன்று காயில்களும் முக்கோணமாக இணைந்திருப்பதால், ஒன்று அறுந்திருந்தாலும் எல்லா ஜோடியிலும் ஏதோ ஓர் அளவு காட்டத்தான் செய்யும். 'கன்டினியூட்டி இருக்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு காயில் அறுந்தால் ஒரு ஜோடி வழக்கமான அளவில் மூன்று மடங்கும், மற்ற இரண்டும் ஒன்றரை மடங்கும் காட்டும். வழக்கமான அளவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஜோடி மற்ற இரண்டைப்போல் இருமடங்கு காட்டினால் ஒரு காயில் போய்விட்டது.

கடைசியாக ஒரு முனையைத் தண்டிலும் மறுமுனையைக் கம்யூட்டேட்டரிலும் வையுங்கள். எதுவும் காட்டக்கூடாது.

அறுந்த காயிலில் பாதிக்கு மேல் கம்யூட்டேட்டர் அருகில், சாலிடர் விட்ட இடத்தில்தான் அறுந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பி முனை தெரிந்தால் எனாமலைச் சுரண்டி மறுபடி சாலிடர் வைத்தால் வேலை முடிந்தது.

ஆர்மேச்சருக்குக் காயில் கட்ட முடியுமா?

முடியும். பொறுமைதான் வேண்டும். எங்கள் தெருவில் ஃபேனுக்கும் மிக்சிக்கும் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஆர்மேச்சரை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எறும்புக்கு மோட்டாரா?" என்றார். பழைய கம்பியைச் சுற்று எண்ணியபடி பிரித்தார், அதே கனத்தில் எனாமல் கம்பி எடுத்தார், மூன்று துருவத்துக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே திசை. ஒன்றுதான் எரிந்திருந்தது. 'மூன்றையும் பிரித்தால்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் எடை மாறி ஆடும்' என்றார். அவர் சொன்னது சரி. காசு வாங்க மறுத்துவிட்டார், இன்ஜின் ஓடுவதை மட்டும் காட்டச் சொன்னார்.

எக்ஸ்04 ஆர்மேச்சர் ஈபேயில் சுலபமாகக் கிடைப்பதால் இந்தச் சிரமம் தேவையில்லை. கிடைக்காத மோட்டாருக்கு மட்டும் இந்த வழி.

டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியில்) மோட்டார் இருக்கும் ஹார்ன்பி என்னிடம் இருக்கிறது. அதுவும் இதே மாதிரிதானா?

இல்லை. அது ரிங்ஃபீல்டு மோட்டார், காந்தம் வளையம்போல் ஆர்மேச்சரைச் சுற்றி இருக்கும். பெயர் டப்ளோ காலத்தது, ஹார்ன்பி ரயில்வேஸ் 1970களில் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்து வேறு வடிவத்தில் செய்தது. பிரஷ்கள் சின்னக் குழாய்க்குள், பின்னால் சுருள் ஸ்பிரிங்கோடு இருக்கும். திறக்கும்போது அந்த ஸ்பிரிங் தவளைபோல் துள்ளி எங்கே போனது என்றே தெரியாது. பெரிய தெளிவான பாலிதீன் பைக்குள் கையையும் மோட்டாரையும் விட்டுத் திறங்கள்.

இந்த வகையில் அதிகம் போவது சக்கரத்தின்மேல் இருக்கும் ரப்பர் வளையம். காய்ந்து பொடிந்து கியருக்குள் போயிருக்கும். வளையம் இல்லாமல் ஓட்டினால் சக்கரம் சுழலும், ரயில் நகராது. புது வளையங்கள் பாக்கெட்டாகவே கிடைக்கும், சக்கரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். பொருத்தும்போது எண்ணெய் தடவாதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், நான் தடவியிருக்கிறேன்.

பழைய இன்ஜின் புதுத் தண்டவாளத்தில் தடதடக்கிறதே?

சக்கரத்தின் விளிம்பு அந்தக் காலத்தில் ஆழமாக இருந்தது. இன்றைய மெல்லிய தண்டவாளத்தில் விளிம்பு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணிகளில் இடிக்கும். கோடு 100 எனப்படும் உயரமான தண்டவாளத்தில் ஓரளவு ஓடும், தடம் பிரியும் பாயின்ட்டுகளில் தடுமாறும். சக்கரங்களின் உட்பக்க இடைவெளியும் குறைவாக இருக்கும். இப்போது ஓஓவுக்கு 14.5 மில்லிமீட்டர் வைப்பது வழக்கம்.

சக்கரத்தை இழுத்துச் சரிசெய்யலாம் என்று கை துறுதுறுக்கும். இணைப்புத் தண்டு உள்ள இயக்கச் சக்கரங்களைத் தொடாதீர்கள். இடப்பக்கக் கிராங்க்கும் வலப்பக்கக் கிராங்க்கும் 90 டிகிரி வித்தியாசத்தில் நிற்க வேண்டும், எல்லா அச்சிலும் அதே கோணம். ஒன்று இம்மி பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டும். என் முடிவு எளியது: பழைய இன்ஜினுக்குப் பழைய தண்டவாளமே ஒரு வட்டம் போட்டுவிட்டேன்.

உலோகப் பாகங்களில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. ஒட்டலாமா?

ஒட்ட முடியாது. அது மசாக் நோய். மசாக் என்பது துத்தநாகக் கலப்பு உலோகம், அச்சில் வார்ப்பதற்கு வசதியானது. வார்க்கும்போது ஈயம், வெள்ளீயம் போன்றவை கொஞ்சம் கலந்துவிட்டால், வருஷங்கள் போகப்போக உலோக மணிகளின் ஓரங்களில் அரிப்பு ஊர்ந்து, பாகம் வீங்கும், வளையும், பிஸ்கட்போல் உதிரும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஹார்ன்பி டப்ளோவில் இது பிரசித்தம், அது விற்பனைக்கு வந்ததே 1938இல்தான். பழசுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் செய்த 2000களின் இன்ஜின்கள் சிலவும் இதே கதிக்கு ஆளாகியிருக்கின்றன. குற்றம் அந்தந்த வார்ப்புக் கலவையில் இருக்கிறது.

வாங்கும்போது அடிச்சட்டத்தின் நேர்மையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். பெட்டியோடு பளபளவென்று இருப்பதுகூட உள்ளே வீங்கியிருக்கலாம்.

பிளாஸ்டிக் பாடி வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாமா?

ரோவெக்ஸ் காலத்துப் பாடியா? அப்படியென்றால் அது செல்லுலோஸ் அசிட்டேட். காலப்போக்கில் சுருங்கி வளைவது அந்தப் பிளாஸ்டிக்கின் சுபாவம். சூடு காட்டினால் இன்னும் மோசமாகும். பிறகு வந்த பாலிஸ்டைரீன் பாடிகளுக்கு இந்தக் குறை இல்லை. வளைந்ததை வளைந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதன் வயதின் அடையாளம்.

மெயின்லைன், பழைய பாக்மன் கம்பெனி இன்ஜின்கள் நொண்டி நொண்டி ஓடுகின்றனவே?

பெரும்பாலும் அச்சு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் வெடித்திருக்கும். இவற்றின் அடிச்சட்டமே இடது வலதாக இரண்டு துண்டு. கரன்ட் நேராக அதன் வழியே போகும். அச்சும் இரண்டாக வெட்டுப்பட்டு நடுவில் பிளாஸ்டிக்கால் இணைந்திருக்கும். அந்தப் பிளாஸ்டிக் வெடித்தால் சக்கரக் கோணம் பிசகும். மாற்றுக் குழாய்கள் விற்கின்றன, பழைய குழாயில் பசை போட்டு ஒட்டுவது ஒரு வாரம்கூடத் தாங்காது.

உதிரி எங்கே வாங்குவது? இந்தியாவுக்கு வரவழைக்கலாமா?

1950, 60களின் இன்ஜின்களுக்குக் கம்பெனியே உதிரி தரும் என்று காத்திருக்க வேண்டாம். பிரிட்டனில் இதற்கென்றே கடைகள் உண்டு, பீட்டர்ஸ் ஸ்பேர்ஸ் போல. பிரஷ், ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அங்கே ஊருக்கு ஊர் பொம்மை ரயில் சந்தையும் நடக்கும். ட்ரை-ஆங் தன் டீலர்களுக்குக் கொடுத்த சர்வீஸ் ஷீட்டுகளை முதலில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்து எண் போட்டிருப்பார்கள். 'ஆர்' என்று தொடங்கும் எண் இன்ஜினுக்கு, 'எக்ஸ்', 'எஸ்' என்று தொடங்குபவை உதிரிகளுக்கு. சரியான எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் பதில் போடும் வேகமே வேறு.

நான் அதிகம் செய்வது வேறொன்று. 'ஸ்பேர்ஸ் ஆர் ரிப்பேர்' என்று போட்டு விற்கும் செத்த இன்ஜினை வாங்கி அதிலிருந்து எடுப்பது. ஒரு ஆர்மேச்சரின் விலையில் மோட்டார், சக்கரம், திருகு எல்லாம் வந்துவிடும். திருகைச் சொல்லும்போது சாதாரணமாகத் தோன்றும். அவை பழைய பிரிட்டிஷ் அளவுகள், நம்மூர் மெட்ரிக் திருகு உள்ளே போகாது, வலிந்து போட்டால் மரை போய்விடும்.

சுங்கவரிதான் இடிக்கும். பொம்மைகளின் மீதான அடிப்படைச் சுங்கவரியை 2020 பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். முழு இன்ஜினைக் கூரியரில் வரவழைத்து, வரியும் கையாளும் கட்டணமும் சேர்ந்து இன்ஜின் விலையைத் தொட்டதைப் பார்த்திருக்கிறேன். சின்ன உதிரிகளைச் சாதாரணத் தபாலில், உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தை மகன் இருந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. சூட்கேஸில் ஒரு கைப்பிடி போதும்.

த்ரீ-டி பிரிண்டில் பாகங்கள் செய்யலாமா?

பஃபர், விளக்கு, கைப்பிடி போன்ற அலங்காரப் பாகங்களுக்கு ரெசின் பிரிண்ட் அருமை. பல் நுணுக்கமான வார்ம் கியருக்கு ஒத்துவராது. பித்தளைப் பாகம் வேண்டுமென்றால் சின்ன லேத் வைத்திருக்கும் பட்டறையில் கேளுங்கள், மாதிரியைக் கையில் கொடுத்தால் செய்துவிடுவார்கள்.

இதற்கு டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) போடலாமா?

போடலாம், ஒரு நிபந்தனையோடு. முன்பு சொன்னபடி எக்ஸ்04இல் ஒரு பிரஷ் அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கிறது. இன்ஜினுக்குள் வைக்கும் டிசிசி சிப்பான டிகோடருக்கு இரண்டு பிரஷ்ஷும் தண்டவாளக் கரன்டிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் இரண்டு காலுக்கும் உறை போட்டு, அந்த பிரஷ் அடிச்சட்டத்தைத் தொடும் இடத்தையும் இன்சுலேட் செய்து, மீட்டரில் சோதித்தபிறகுதான் டிகோடரை இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் இணைத்தால் டிகோடர் ஒரு பொட்டுப் புகையோடு விடைபெறும். தளர்ந்த காந்தமுள்ள மோட்டார் அதிகக் கரன்ட் இழுப்பதால் காந்தத்தை முதலில் கவனியுங்கள்.

பெயின்ட் உரிந்திருக்கிறது. புதிதாக அடித்துவிடலாமா?

விற்கும் எண்ணம் இருந்தால் தொடாதீர்கள். சேகரிப்பவர்கள் புதுப் பெயின்ட்டுக்குப் பாதி விலைகூடத் தரமாட்டார்கள், உரிந்த பழைய பெயின்ட்டுக்குக் கொடுப்பார்கள். பெட்டி இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். ஓட்டி மகிழ்வதற்கு என்றால் உங்கள் இஷ்டம். என் ஜின்ட்டியின் கூரையில் சித்தப்பா பையன் காம்பஸ் முனையால் கீறிய ஓர் 'எஸ்' எழுத்து இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.